ஒரே பந்தி, அத்தைக்கு மட்டும் பேதி

போன ஆவணியில் குடியாத்தத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரே பந்தியில் நாங்கள் எட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதே சாம்பார், அதே கூட்டு, அதே பாயசம், ஒரே கேனில் இருந்து ஊற்றிய தண்ணீர். மறுநாள் ராத்திரி அத்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது. காய்ச்சல் வேறு. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மற்ற ஏழு பேரில் ஒருவருக்கு லேசான வயிற்றுவலி, மீதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை.

உடம்பு தேறியதும் அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எல்லாருந்தான சாப்ட்டோம்? எனக்கு மட்டும் இன்னாத்துக்குடா புடுங்கிகினு போச்சு? நீதான் கிருமிங்களப் பத்திப் படிச்சவனாச்சே, சொல்லு பாக்கலாம்."

நான் நுண்ணுயிரியல் படித்தவன். இப்போது காட்பாடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி அத்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அது பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில். அத்தையின் குடலுக்குள் அன்றைக்கு ஏற்கெனவே யார் யார் குடியிருந்தார்கள், யார் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பது மீதிப் பாதி. அதைச் சொல்லப்போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டுவிட்டது.

பள்ளிப் பாடத்தில் ஒரு கிருமிக்கு ஒரு நோய். காசநோய்க்கு ஒன்று, காலராவுக்கு ஒன்று, டைபாய்டுக்கு ஒன்று. இந்தக் கணக்கை உறுதிப்படுத்தியவர் ஜெர்மனியின் ராபர்ட் காக். 1882-ல் காசநோய்க் கிருமியை இன்னதென்று காட்டினார். நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரிக்க வேண்டும், வேறெதுவும் கலக்காமல் அதைத் தனியாக வளர்க்க வேண்டும், அதை ஆரோக்கியமான ஒரு விலங்குக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும், அந்த விலங்கிடமிருந்து மறுபடி அதே கிருமி கிடைக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லையென்றால் நான் படித்த படிப்பே இல்லை. ஆனால் 'தனியாக வளர்ப்பது' ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் மட்டும் நடக்கிற காரியம். வெளியே எந்தக் கிருமியும் தனிக்குடித்தனம் நடத்துவதில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டின லைன் வீடுகள் மாதிரி, நெரிசலில்தான் எல்லாம் வாழ்கின்றன.

அந்த நெரிசலைக் கண்ணால் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டாம். இட்லி மாவுத் தூக்கு போதும்.

சாயங்காலம் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைக்கிறோம். யாரும் உறை ஊற்றுவதில்லை. பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் சேர்ந்தே வருகிறது. அதில் முதலில் வேகமாகப் பெருகுவது லூக்கோனோஸ்டாக் என்ற வகை. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கொஞ்சம் அமிலத்தையும், நிறைய கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் விடும். வாயு மாவைத் தூக்குகிறது. உளுந்தின் வழுவழுப்பு அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஐந்தாறு மணி நேரத்தில் தூக்கின் மூடியே மேலே வந்துவிடும். மார்கழியில் அதே மாவை அடுப்புப் பக்கம் வைத்துப் போர்வை சுற்றினாலும் காலையில் பாதிதான் எழும்பியிருக்கும்.

இப்போது அந்த அமிலத்தைக் கவனியுங்கள். மாவு புளிக்கப் புளிக்க, புளிப்பு பிடிக்காத பாக்டீரியாக்கள் பின்வாங்குகின்றன. மாவை அழுக வைக்கக்கூடியவை அவற்றில்தான் நிறைய. புளிப்பைத் தாங்குகிற வேறு சில மேலே வருகின்றன. கடைசியில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்த லூக்கோனோஸ்டாக்குக்கே புளிப்பு தாங்காமல் போகிறது. மூன்றாம் நாள் மாவு நாக்கைச் சுண்டும், ஆனால் எழும்பாது. ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும். ஒரு கிருமி தன் கழிவாலேயே இடத்தை மாற்றி, சிலரைத் துரத்தி, சிலரை உள்ளே விட்டு, முடிவில் தானே இடம் காலி செய்கிறது. எல்லாம் இரண்டு மூன்று நாளில், மூடி போட்ட தூக்குக்குள்.

நம் பெருங்குடலும் இப்படி ஒரு தூக்குதான், மூடி போட்டு அறுபது எழுபது வருஷம் ஓடுகிறது. ஒரு பெரியவரின் உடம்பில் இருக்கிற பாக்டீரியா ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பின் சொந்த செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில். புதிதாக ஒரு நோய்க்கிருமி தண்ணீரோடு உள்ளே வந்தால், உட்கார இடமில்லை, தின்னச் சோறில்லை, சுற்றிலும் மற்றவர்கள் விட்ட அமிலம். பெரும்பாலும் வந்த வழியே போய்விடும்.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த சோதனை அது. சாதாரண எலிக்கு சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்ற வேண்டுமானால் சுமார் 1 லட்சம் கிருமி கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்துக் குடலில் இருந்தவர்களைக் காலி செய்துவிட்டுப் பார்த்தால், 10 கிருமிகூடத் தேவைப்படவில்லை. எலி அதேதான், அதன் சொந்த எதிர்ப்புச் சக்தியும் அதேதான். குடித்தனக்காரர்கள் மட்டும் போய்விட்டார்கள்.

அத்தையிடம் கேட்டேன்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்ட்டீங்களா?" தொண்டை வலிக்கு மெடிக்கலில் சொல்லி 'போன தடவை குடுத்த அதே மாத்திரை' வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார். ஆன்டிபயாடிக்தான். அட்டையில் மிச்சம் இரண்டு மாத்திரை இன்னும் இருந்தது. அதனால்தான் பேதி வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, மலப் பரிசோதனைகூட யாரும் செய்யவில்லை. ஆனால் எட்டு பேரில் அந்த வாரம் மாத்திரை போட்டவர் அவர் ஒருவர்தான்.

சால்மோனெல்லா பற்றி இன்னொரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். குடலில் இவ்வளவு காவல் இருந்தும் அது எப்படிப் பிழைக்கிறது? பதில் 2010-ல் கிடைத்தது. படித்தபோது எனக்கு அந்தக் கிருமி மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பெருங்குடலில் ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே இருக்கிற பெரும்பாலான பாக்டீரியா, மாவில் இருக்கிறவை மாதிரி, புளிக்க வைத்துப் பிழைக்கின்றன. அதில் வருமானம் குறைவு. சால்மோனெல்லா உள்ளே வந்ததும் குடல் சுவரைச் சீண்டி அழற்சியைக் கிளப்புகிறது. வெள்ளணுக்கள் ஓடி வந்து, கிருமியைக் கொல்ல ஆக்ஸிஜன் கலந்த காரமான ரசாயனங்களைக் கொட்டுகின்றன. குடலில் ஏற்கெனவே கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கும். காரம் பட்டதும் அது டெட்ராதையோனேட் என்று மாறுகிறது. சால்மோனெல்லாவுக்கு அதை வைத்து மூச்சுவிடத் தெரியும். மூச்சுவிடத் தெரிந்தவனுக்கு அதே சோற்றில் கூடுதல் வருமானம், குடலில் இருக்கிற மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வித்தை தெரியாது. ஆக, நம் உடம்பு கிருமிக்கு எதிராக மூட்டிய தீயில் பழைய குடித்தனக்காரர்கள் வெந்துபோகிறார்கள், கிருமி அதில் குளிர்காய்கிறது. அத்தைக்கு வந்தது சால்மோனெல்லாதான் என்றால், அவர் பட்ட அந்த மூன்று நாள் அவஸ்தை, காய்ச்சல், வலி எல்லாம் வெறும் பக்க விளைவு இல்லை. கிருமியின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

சரி, இவ்வளவு காரியம் செய்கிறதே, இவற்றுக்குள் பேச்சு ஏதும் உண்டா? உண்டு.

ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவில் ஒரு சின்னக் கணவாய் இருக்கிறது. அதன் அடிவயிற்றில் ஒரு பை, பைக்குள் விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியா. ராத்திரியில் அந்தப் பை ஒளிவிடும். நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் கீழே இருக்கிற மீனுக்குத் தெரியாமல் மறைப்பதற்கு அது. விடிந்ததும் கணவாய் பையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பவை பகல் முழுக்கப் பெருகி, மறுபடி இருட்டும்போது ஒளிவிடும். கடலில் தனியாக நீந்தும்போது இதே பாக்டீரியா ஒளிவிடுவதில்லை. ஆள் சேர்ந்தால்தான். எப்படித் தெரிகிறது ஆள் சேர்ந்தது? ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரசாயனத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் கூடக்கூட அந்த ரசாயனம் சுற்றிலும் அடர்த்தியாகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் விளக்கைப் போடுகின்றன. ரசாயனம் சேர்ந்த பிறகுதான் ஒளி வருகிறது என்று 1970-ல் சோதனையில் காட்டினார்கள். ரொம்ப நாள் இதைக் கடல் பாக்டீரியாவின் தனிப்பட்ட வினோதம் என்றே நினைத்தார்கள். பிறகு பார்த்தால் நோய்க்கிருமிகளில் பலவும் இதையே செய்கின்றன. நாலு பேராக இருக்கும்போது விஷத்தைக் கக்கினால் உடம்பு சுதாரித்துக்கொள்ளும், வீண். கூட்டம் சேரும் வரை கமுக்கமாக இருப்பது புத்திசாலித்தனம்.

காலராக் கிருமி இதையே தலைகீழாகச் செய்கிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் குடலில் ஒட்டிக்கொண்டு விஷத்தைச் சுரக்கும். கூட்டம் பெருகியதும் விஷத்தை நிறுத்தி, ஒட்டியிருந்த பிடியை விட்டுவிடும். ஏன்? காலரா வந்தவருக்குக் குடம் குடமாகத் தண்ணீராகப் போகும். பிடியை விட்ட கிருமி அந்த வெள்ளத்தோடு வெளியேறி அடுத்த குளத்தைப் பிடித்துவிடலாம். கூடிப் பேசி, வேலை முடிந்ததும் வண்டி ஏறுவது மாதிரி.

அந்த விஷமே காலராக் கிருமியின் சொந்தச் சொத்து இல்லை என்பதுதான் இன்னும் வேடிக்கை. 1996-ல் வால்டர், மெக்கலானோஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். காலரா விஷத்துக்கான மரபணு ஒரு வைரஸுடையது. பாக்டீரியாவைத் தொற்றுகிற வைரஸ். அது கிருமிக்குள் புகுந்து அதன் மரபணுவோடு தன்னுடையதையும் பின்னிக்கொள்கிறது. அந்த வைரஸ் இல்லாத காலராக் கிருமி கிட்டத்தட்ட ஒரு சாதாரண நீர்வாழ் பாக்டீரியா. இன்னொன்று: கிருமி குடலில் ஒட்டிக்கொள்ள நீட்டுகிற நூல் போன்ற கையைப் பிடித்துத்தான் வைரஸ் உள்ளே ஏறுகிறது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயிலும் இதே கதை, அங்கேயும் விஷம் வைரஸ் கொடுத்தது.

மரபணுவை வாங்கிக்கொள்ள வைரஸ்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. காலராக் கிருமியிடம் ஈட்டி போன்ற ஓர் ஆயுதம் உண்டு. பக்கத்தில் இருக்கிற வேறு பாக்டீரியாவைக் குத்திக் கொன்று, சிதறின மரபணுவை அள்ளிப் போட்டுக்கொள்ளும். பகையாளியைக் கொன்று அவன் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது போல. இப்படி மரபணு கைமாறும் கதைக்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1992 கடைசியில் சென்னையில் ஒரு புதுக் காலரா கிளம்பியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவின காலரா எல்லாம் ஓ1 என்ற ஒரே வகை. இது ஓ139. வேலூரிலும் அந்தச் சமயத்திலேயே கண்டார்கள், அடுத்த சில மாதங்களில் வங்கதேசம் வரை போய்விட்டது. பழைய கிருமிதான், ஆனால் மேற்சட்டைக்கான மரபணுக் கொத்தை வேறெங்கிருந்தோ வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தது. பழைய சட்டையை அடையாளம் வைத்திருந்த பெரியவர்களின் எதிர்ப்புச் சக்திக்கு இதை அடையாளம் தெரியவில்லை. அதனால் குழந்தைகளோடு பெரியவர்களும் சரிந்தார்கள்.

காலராவிலிருந்து நகர்வதற்கு முன் நம் வீட்டுச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கிருமி தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற குட்டி இறால் போன்ற உயிரிகள் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் முடிவு வந்தது. தனிக் கிருமி சேலை இழையில் சுலபமாக நுழைந்துவிடும். அது ஏறி வருகிற வண்டி நுழையாது. துவைத்துத் துவைத்து இழை உப்பின பழைய சேலைதான் நல்லது, புதுச்சேலை அவ்வளவு பிடிப்பதில்லை.

காலராவுக்காவது கைகாட்ட ஒரு குற்றவாளி இருக்கிறான். அப்படி ஒருவனைக் காட்ட முடியாமலே போன கதை ஒன்று வட ஆற்காட்டில் உண்டு. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்த பழைய மாவட்டம். 1960-களின் தொடக்கத்தில் இங்கே கிராமம் கிராமமாக ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. வாந்திபேதி மாதிரி ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, நாக்கு சிவந்து புண்ணாகும், ரத்தம் குன்றும், ஆள் எலும்பும் தோலுமாவார். மருத்துவத்தில் டிராபிகல் ஸ்ப்ரூ என்று பெயர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் என்ற மருத்துவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் கிராமங்களுக்கே போய் வருஷக்கணக்கில் இதை ஆராய்ந்தார்கள்.

காக் சொன்னபடி ஒரு கிருமியைப் பிடிக்க வேண்டுமல்லவா? பிடிபடவில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் தவறாமல் இருந்து, ஆரோக்கியமானவரிடம் இல்லாத ஒரே ஒரு கிருமி என்று எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு: சாதாரணமாகக் கிருமிக் கூட்டம் குறைவாக இருக்க வேண்டிய சிறுகுடலில், கூட்டம் கூடாரம் அடித்திருந்தது. அவரவர் இடத்தில் இருந்தால் தொந்தரவு தராத சாதாரண பாக்டீரியாக்கள்தான். சத்தை உறிஞ்ச வேண்டிய குடல் சுவரோ தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் பலர் தேறினார்கள். ஆன்டிபயாடிக் கேட்கிறது என்றால் பாக்டீரியாவின் கை இதில் இருக்கிறது. ஆனால் யாருடைய கை என்று தனியாக விரல் நீட்ட முடியவில்லை. மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் "அப்போ விடை என்ன சார்?" என்பார்கள். ஒரு மார்க் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் விடை எழுதிப் பழகினவர்கள், பாவம்.

இடம் மாறினால் நல்லவன் கெட்டவன் ஆவது ஒரு பக்கம். ஒருவன் கதவைத் திறந்துவிட இன்னொருவன் நுழைவது இன்னொரு பக்கம். அதற்குக் கரிகிரியை நினைத்துக்கொள்கிறேன். காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் தொழுநோய்க்கென்றே இருக்கிற மருத்துவமனையும் ஆய்வு மையமும் அங்கே இருக்கின்றன. தொழுநோய் வந்தால் விரல்கள் 'அழுகி உதிரும்' என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1940-களில் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதை நம்பவில்லை. தொழுநோய்க் கிருமி மெதுவானதிலும் மெதுவானது, ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அது சதையைத் தின்பதில்லை, நரம்பைச் செத்துப்போக வைக்கிறது. வலி தெரியாத கையால் சூடான பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி குத்தின காலோடு நடக்கிறார்கள். சிலருக்கு ராத்திரியில் விரல் காணாமல் போன மர்மத்தைத் துருவினால், தூங்கும்போது எலி கடித்திருந்தது. வலி இல்லாததால் விழிக்கவில்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். புண் ஆன பிறகு உள்ளே போய்ச் சதையையும் எலும்பையும் கெடுத்தவை நம் தோலிலும் மண்ணிலும் இருக்கிற வேறு பாக்டீரியாக்கள். கதவைத் திறந்தவன் ஒருவன், வீட்டைச் சூறையாடினவர்கள் வேறு.

சர்க்கரை வியாதிக்காரர் கால் புண்ணும் இதே பாதைதான். கதவைத் திறப்பது கிருமி இல்லை, சர்க்கரை. என் பெரியப்பாவின் காலில் ஆணிக்கால் புண்ணாகி ஆறவே இல்லை. சீழ் எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் மூன்று பெயர். "மூணுல எதுப்பா காரணம்?" என்றார். அதில் ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஒன்று சூடோமோனாஸ். இவை இரண்டும் ஜென்மப் பகையாளிகள். சூடோமோனாஸ் ஒரு விஷத்தைக் கக்கி ஸ்டஃபைலோகாக்கஸின் மூச்சை அடைக்கும். மூச்சு அடைபட்டால் அது சாக வேண்டியதுதானே? இல்லை, பெருகுவதைக் குறைத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டுமானால் கிருமி நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். சோம்பிக் கிடப்பவன் மேல் அந்த மருந்து ஏறாது. கொல்ல வந்த விஷமே கவசமாகிவிட்டது. ஆய்வகத்தில் தனித்தனியாக வளர்த்து 'இந்த மருந்து கேட்கும்' என்று டிக் போட்ட கிருமி, காலில் இன்னொன்றோடு சேர்ந்திருக்கும்போது கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு எல்லாம் சேர்ந்து வழுவழுப்பான ஒரு போர்வையைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவினால் ஒரு பிசுபிசுப்பு தெரியுமே, அது அதே ஜாதிப் போர்வைதான். அதனால்தான் மருத்துவர் மருந்து மட்டும் எழுதாமல் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொன்னார்.

சூடோமோனாஸ் என்ற பெயரை எங்கள் பக்கத்து உழவர்களும் சொல்வார்கள், ஆனால் சந்தோஷமாக. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் தெரியுமல்லவா? கத்தரிக்கு வாடல் நோய் ஒரு பெரிய தலைவலி. பச்சைப் பசேலென்று நின்ற செடி வெயிலேற ஏறத் துவண்டு தொங்கும், இலை மஞ்சளாகக்கூட நேரம் இருக்காது. செடியைப் பிடுங்கித் தண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டின முனை நனைகிற மாதிரி கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி ஒரு வெள்ளை நூல் தண்டிலிருந்து கீழே இறங்கும். அது முழுக்க பாக்டீரியா. பூஞ்சணத்தால் வந்த வாடலென்றால் அந்த நூல் வராது. அதே செடியின் வேரைத் தடவினால் பல சமயம் மணி மணியாக முடிச்சு இருக்கும், நூற்புழுவின் வேலை. புழு வேரைத் துளைத்த ஓட்டை வழியாக பாக்டீரியா உள்ளே போகிறது. கரிகிரிக் கதையேதான், ஆள்தான் வேறு.

இதற்குத்தான் விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கச் சொல்கிறார்கள். அது பெரியப்பா காலில் இருந்ததன் பங்காளி, ஆனால் வேறு இனம். வேரைச் சுற்றி முதலில் இடம் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தை வாரிச் சுருட்டித் தன் பக்கம் இழுத்து நோய்க்கிருமியைப் பட்டினி போடும், கூடவே ஆன்டிபயாடிக் மாதிரிப் பொருள்களையும் விடும். மாவுத் தூக்கில் நடந்த அதே விளையாட்டு, வயல் அளவில். நோய் வந்த பிறகு வாங்கி ஊற்றினால் பெரிய பிரயோஜனம் இருக்காது. இடம் காலியாக இருக்கும்போதே குடி வைக்க வேண்டும்.

வைரஸும் பாக்டீரியாவும் கைகோத்ததற்குப் பெரிய உதாரணம் 1918-ன் இன்ஃப்ளூயன்ஸா. அதில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் துண்டுகளைப் பிற்பாடு பார்த்தபோது, பெரும்பாலோருக்கு வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியாவும் வந்திருந்தது தெரிந்தது. மூச்சுக்குழாயில் அழுக்கைக் கூட்டித் தள்ளுகிற நுண்ணிய துடைப்பங்களை வைரஸ் அழித்துவிடுகிறது, தொண்டையில் சும்மா இருந்த பாக்டீரியா கீழே இறங்குகிறது.

வைரஸும் பாக்டீரியாவும் உள்ள இன்னொரு புதிர் வேலூருக்கே சொந்தம், அதற்கு இன்னும் முழு விடை இல்லை. போலியோ சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். குழந்தையின் குடலில் அது கொஞ்சம் பெருகினால்தான் பாதுகாப்பு. பணக்கார நாடுகளில் மூன்று தவணையில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் மருந்து பிடித்தது. வேலூரில் அப்படிப் பிடிக்கவில்லை என்று 1970-களிலேயே டாக்டர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் காட்டினார்கள். குடலில் ஏற்கெனவே இருக்கிற கூட்டம் தடுக்கிறதோ என்ற சந்தேகம் இயல்பாக வந்தது. 2011-ல் எலிகளில் பார்த்தால் விஷயம் எதிர்ப்பக்கம் போனது: குடல் பாக்டீரியாவை ஒழித்தால் போலியோ வைரஸ் பலம் குறைந்தது. பாக்டீரியாவின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு வைரஸ் தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறதாம். சரி, குழந்தைகளிலேயே பார்த்துவிடலாம் என்று வேலூரில் 700-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேருக்கு அசித்ரோமைசின், பாதிப் பேருக்கு மருந்தே கலக்காத போலி மருந்து, பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து. 2016-ல் முடிவு வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்த குழந்தைகளுக்குக் குடலில் நோய் பாக்டீரியா குறைந்தது, அழற்சியும் குறைந்தது. சொட்டு மருந்து பிடித்த விகிதம் மட்டும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. அந்தச் சமயத்தில் குடலில் வேறு எண்டெரோவைரஸ் (போலியோவின் உறவுக்காரக் குடல் வைரஸ்) இருந்த குழந்தைகளுக்குத்தான் மருந்து பிடிப்பது குறைந்திருந்தது. பாக்டீரியாவைச் சந்தேகப்பட்டுத் தேடினால் இன்னொரு வைரஸின் தடம் கிடைக்கிறது. இந்தத் துறையில் இது சகஜம்.

இவ்வளவையும் அத்தையிடம் இதே நீளத்தில் சொல்லவில்லை. எலிச் சோதனையும் மாத்திரை அட்டையும் மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ தெனம் தயிர் சாப்ட்டா காலியான எடம் ரொம்பிடுமில்ல?" என்றார். நல்ல கேள்வி, இதற்கும் பதில் நேராக இல்லை. தயிரில் இருக்கிற பாக்டீரியா பாலில் வாழப் பழகினது, நம் குடலில் பெரும்பாலும் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, இரண்டொரு நாள் விருந்தாளி. 2018-ல் இஸ்ரேலில் ஒரு சிறு குழுவினரிடம் பார்த்ததில், ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு புரோபயாடிக் மாத்திரை (நல்ல பாக்டீரியாவை அடைத்த மாத்திரை) சாப்பிட்டவர்களுக்குப் பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வர, ஒன்றும் சாப்பிடாதவர்களைவிட அதிக நாள் ஆனது. மாத்திரை வேறு, வீட்டுத் தயிர் வேறு என்பதையும் சொன்னேன்.

"அப்போ தயிர் வாணாங்கிறியா?"

"சாப்பிடுங்க அத்தை. அந்த அட்டையில மிச்சம் இருக்கிற ரெண்டு மாத்திரையை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

கொடுக்கவில்லை. அடுத்த தடவை தொண்டை வலிக்கு ஆகுமாம், அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.